கல்துறையில் ஒரு ஜோடிச் செருப்பு

கல்யாண மண்டப வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் நான் இன்றும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். "என்னம்மா, தொலைஞ்சிடுச்சா?" என்று மகள் கேட்பாள். தொலையவில்லை, சும்மா பார்க்கிறேன். எது எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, எது தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது என்று கண் தானாகப் போய்விடும். உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு இதைப் படிப்பீர்கள். காரணம் சொல்ல முடியாத பழக்கம் ஒன்றிரண்டு நம் எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. என்னுடையதற்குக் காரணம் உண்டு. அது என் பத்தாவது வயதில், ஒரு முழுப்பரீட்சை லீவில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா தெற்கத்திக்காரர். ஓசூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, வேலையைப் பிடித்து, இந்தப் பக்கத்திலேயே பெண்ணும் எடுத்துக்கொண்டவர். அம்மாவின் குடும்பம் மீன்பிடிக் குடும்பம். கடலில் இல்லை, அணையில். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அணைக்கரை மீனவர் சங்கத்துக்குத் தலைவர். எந்த அணை என்று சொல்லப்போவதில்லை. கெலவரப்பள்ளி என்று நினைத்தீர்களானால் அது இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாக இருக்கிறார்கள், அவர்களை ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்.

லீவு விட்ட மறுநாளே அம்மா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போய் மாமா வீட்டில் விட்டுவிடுவாள். அது மாங்காய்க் காலம். பஸ் கூரையில் மாங்காய்க் கூடை, சீட்டுக்கு அடியில் மாங்காய்க் கூடை, கண்டக்டர் சட்டைப்பையில்கூட ஒன்று இருக்கும். மாமா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி மல்கோவாவைப் பழுக்கப் போட்டிருப்பார்கள். மேலே படுத்தால் கீழே இருந்து பழ வாசனை, கொல்லைப் பக்கம் காயும் வலையிலிருந்து மீன் வாசனை. இரண்டும் கலந்த அந்த வாசனையை இன்றைக்கு எந்த சோப்பு கம்பெனியும் தயாரிக்காது, தயாரித்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

வீட்டிலிருந்து இறங்கி நடந்தால் கல்துறை. அணை கட்டின காலத்தில் சாமான் ஏற்றி இறக்கப் போட்ட கல்மேடை அது, தண்ணீருக்குள் நாற்பது தப்படி நீண்டு கிடக்கும். கட்டியவர்கள் வேலை முடிந்து போனதும் வலைக்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். காலையில் பரிசல்கள் அங்கே வந்து சேரும். கட்லா, ரோகு, ஜிலேபி என்று மீன் கூடை கூடையாக இறங்கும். மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மீன் வியாபாரி பாய் வருவார். ஏலம் தமிழில் தொடங்கி, தெலுங்கில் சண்டையாகி, கன்னடத்தில் சமாதானமாக முடியும். துறையின் தலைமாட்டில், கல் தொடங்குகிற இடத்தில், அத்தை ஒரு தகரக் கொட்டகை போட்டு டீ விற்றுக்கொண்டிருந்தாள். மாமாவின் மனைவி. அணைக்கரையில் மாமா சொல்வது சட்டம், அத்தை முறைத்தால் அந்தச் சட்டம் ரத்து.

கொட்டகைக்கு நேர் எதிரே, கல்லின் முதல் வரிசையில், எப்போதும் செருப்புகள் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு ஜோடி. லாரி டயரை வெட்டித் தைத்தவை, ரப்பர், ஒன்றிரண்டு தோல். எல்லாம் தண்ணீரைப் பார்த்தே கிடக்கும். மாமாவுடையதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். இடது வார் நீலம், வலது வார் சிவப்பு. ஒன்று அறுந்ததும் கடையில் இருந்த நிறத்தில் மாட்டிக்கொண்டது. ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு டக் டக் என்று நடந்து பார்க்கலாம் என்று காலை நுழைத்தேன். டீ வடிகட்டிக்கொண்டிருந்த அத்தை, வடிகட்டியோடு ஓடி வந்து என் கணுக்காலில் ஒன்று போட்டாள்.

"அதுல காலும் வெக்காத, கையும் வெக்காத."

"ஏன் அத்த?"

"வெக்காதன்னா வெக்காத."

அவ்வளவுதான் விளக்கம். அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் இதற்குமேல் கிடைக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கார்களில் ஆட்கள் வருவார்கள். வறுத்த மீன் தின்ன, தண்ணீரைப் பார்க்க, போட்டோ பிடிக்க. அப்படி ஒரு ஞாயிறு, கழுத்தில் கேமராவோடு ஒருவர் தன் குடும்பத்தைத் துறையில் வரிசையாக நிறுத்திவிட்டு, எல்லோரும் படத்துக்குள் அடங்க வேண்டும் என்று பின்னாலேயே நடந்தார். நடந்து நடந்து செருப்பு வரிசைக்கு வந்து, கால் இடறி, கல்லில் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி ஆங்கிலத்தில் திட்டினாள், மாமியார் கன்னடத்தில் திட்டினாள், பிறகு எல்லோருமாக அணை ஆபீசுக்குப் போனார்கள். மறுநாள் காலை துறைக்குக் குறுக்கே ஒரு சங்கிலி தொங்கியது.

சங்கிலி என்றால் சாதாரண விஷயமில்லை. துறை இல்லையென்றால் எதிர்க்கரையில்தான் மீனை இறக்க வேண்டும். அங்கே பாறையும் முள்ளும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தால்தான் ரோடு வரும். வைகாசி வெயிலில் அந்த மீன் ரோட்டுக்கு வரும்போது பாய் மூக்கைப் பொத்திக்கொள்வார். சங்கத்தில் இருந்த பதினெட்டுக் குடும்பத்துக்கும் அடுப்பு எரிவது அந்த நாற்பது தப்படிக் கல்லால்தான்.

மாமா ஆபீசுக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். என்ஜினீயர் கெட்டவர் இல்லை. மெலிந்த மனிதர், மேசையில் மாத்திரை டப்பா வைத்திருந்தார்.

"பாசி வழுக்குது, செருப்பு இடறுது, பிடிக்க ஒரு கயிறு இல்ல. இன்னிக்குக் கை உடைஞ்சது. நாளைக்கு ஒரு கொழந்த தண்ணியில விழுந்தா நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவர் ராட்சசன்.

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு நிமிர்ந்து, "சார், எங்க மாப்ள ஃபேக்டரியில சேஃப்டி கமிட்டியில இருக்கறாரு. அவரு சொல்றபடி எல்லாம் செஞ்சிடறோம். நீங்க வந்து பாருங்க," என்றார். என்ஜினீயர் மூன்று வாரம் கொடுத்தார். அதுவரை காலையில் மட்டும் சங்கிலி இறங்கும். வந்து பார்த்துத் திருப்தி என்றால் துறை திறந்தே இருக்கும், இல்லையென்றால் இரும்புக் கேட் போட்டுப் பூட்டுவது என்று முடிவானது. ஆக, அப்பாவை இதில் இழுத்துவிட்டது மாமாதான். பின்னால் அவர் அதை வசதியாக மறந்துவிட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் பச்சை நிறச் சிலுவைக்குறி போட்ட சேஃப்டி பேட்ஜ் குத்தியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போதும். வீட்டில் அம்மா ஸ்டூலில் ஏறினால் அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் என்றால் மட்டும் பயம். நீச்சல் தெரியாது. பரிசலில் ஏறச் சொல்லி மாமா எத்தனையோ முறை கூப்பிட்டும் ஏறியதே இல்லை. "கரையில நின்னு ரசிக்கேன் மச்சான், கண்ணுக்கு நல்லாத் தெரியுது," என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பொறுப்பு வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நார் பிரஷால் பாசியைத் தேய்க்கவைத்தார். ஓரம் முழுக்க மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்தார். இரும்புக் குச்சி நட்டுக் கயிறு கட்டினார். லாரி ட்யூபில் காற்றடைத்து நாலு இடத்தில் தொங்கவிட்டார், விழுந்தவர் பிடித்துக்கொள்ள. மூன்று மொழியில் போர்டு எழுதினார். கன்னடத்தை அணை வாட்ச்மேன் தாத்தா சொல்லச் சொல்ல அப்பா வரைந்தார். எழுதி முடித்ததும் தாத்தா பார்த்துவிட்டு, "சென்னாகிதே, நல்லாத்தான் இருக்குது, ஆனா ஒரு எழுத்து தலகீழா இருக்குது," என்றார். அந்த ஒரு எழுத்தை மட்டும் அழித்து மறுபடி எழுதினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. செருப்பில்தான் சிக்கியது.

"இதெல்லாம் ஏன் இங்கன கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

 ஒரு வலைக்காரர் தண்ணீரைப் பார்த்தார். ஒருவர் பீடியைத் தேடினார். மாமா காதைக் குடைந்துகொண்டு, "அது... அங்க விடறதுதான் மாப்ள," என்றார்.

"விடறதுதான்னா? ஒரு காரணம் வேணும்லா."

"பழக்கம்."

"அதுல இடறித்தான மச்சான் ஆள் விழுந்தாரு. பழக்கத்த மாத்தணும்."

 அத்தை டீ கிளாஸைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு ரேக்கோடு வந்தார். ஃபேக்டரி ஸ்கிராப்பில் கேட்டு வாங்கின ஆங்கிள் இரும்பு, வெல்டிங் கடை நண்பர் ஒட்டிக் கொடுத்தது. நாலு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் நம்பர். பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து, வாட்ச்மேன் ஷெட்டின் பக்கத்தில் நிறுத்தினார். வீட்டு மாப்பிள்ளை கொண்டுவந்தது என்பதால் எல்லோரும் பாராட்டினார்கள். அன்று முழுக்க எல்லாச் செருப்பும் ரேக்கில் இருந்தன. திங்கட்கிழமை காலை நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் பழையபடி கல்லில் கிடந்தன, தண்ணீரைப் பார்த்து. அடுத்த ஞாயிறு அப்பா தலை தெரிந்ததும் ரேக்குக்குப் போய்விட்டன.

எனக்கு ரொம்பக் கோபமாக இருந்தது. விரலெல்லாம் மஞ்சள் பெயின்ட்டோடு அப்பா பஸ் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவரை இப்படி ஏமாற்றுகிறார்களே என்று மாமாவிடம்கூட ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மாமா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

என்ஜினீயர் வருகிற நாள் வந்தது. மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு யாரும் தண்ணீருக்குப் போவதில்லை என்று சங்கத்தில் பேசி வைத்திருந்தார்கள். அப்பா லீவு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஃபேக்டரி பூட்ஸைப் பாலிஷ் போட்டு மாட்டியிருந்தார், முனையில் இரும்பு வைத்தது. செருப்பெல்லாம் ரேக்கில், நம்பர்படி. அப்பா அதை ஒருமுறை தூர நின்று பார்த்தார், பிறகு கிட்டப் போய் ஒரு செருப்பை நேராக்கினார்.

இரண்டே முக்கால் இருக்கும். ஆண்கள் ஆபீசுக்கு என்ஜினீயரை அழைக்கப் போயிருந்தார்கள். அத்தையும் அம்மாவும் வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். அன்று என் கொலுசில் ஒன்று திருகாணி கழன்றுபோயிருந்தது. தொலைத்துவிடாதே என்று அம்மா சொன்னதால் அதைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றி வளையல் மாதிரி மாட்டியிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்து மஞ்சள் கோடு போட்ட கல்லில், சரியாக நடுவில், ஒரு ஜோடிச் செருப்பு. இடது வார் நீலம், வலது வார் சிவப்பு.

இந்த மாமா வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஜீப் வந்து நின்றதும் என்ஜினீயர் கண்ணில் முதலில் படப்போவது இதுதான். அப்பாவின் மூன்று வார உழைப்பும் வீண். ரேக் வரை ஓட நேரமில்லை என்று பயம். அத்தை அடுப்புக்கு வைத்திருந்த கரிச் சாக்கு பக்கத்தில் இருந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, செருப்பை அடியில் அமுக்கிவிட்டேன். கையைத் தண்ணீரில் கழுவியும் கரி போகவில்லை, பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரு உதவி செய்துவிட்ட பெருமை எனக்கு.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. என்ஜினீயர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், ட்யூபைத் தட்டிப் பார்த்தார், போர்டை மூன்று மொழியிலும் படித்தார். ரேக்கைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அதே நேரத்தில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்துக் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. முதலில் புழுதி, பிறகு காற்று. அணைத் தண்ணீர் பொங்கிக் கல்லில் அடித்தது. எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம்.

"தலைவர் எங்க, காணோம்?" என்றார் என்ஜினீயர்.

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். ஆபீசுக்குப் போனவர்களோடு மாமா போகவில்லை, அவர் கொட்டகையில் இருப்பார் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அத்தை மட்டும் பதறவில்லை. அப்போதுதான் வீட்டிலிருந்து வந்திருந்தாள். கல்லின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கரையிலதான் இருக்காரு சார். தண்ணிக்குப் போகல. பாய் வண்டியில கிருஷ்ணகிரிக்கு ஐஸ் வாங்கப் போயிருப்பாரு. காத்து நின்னா வருவாரு," என்றாள்.

"தண்ணிக்குப் போகலன்னு எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்லுத?" என்றார் அப்பா.

அத்தை தயங்கினாள். மழை தகரத்தில் இரைந்தது. "செருப்பு இல்லீங்களேண்ணா," என்றாள்.

"செருப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தை வலைக்காரர்களைப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் மெதுவாகச் சொன்னாள். "தண்ணிக்குப் போறவங்க செருப்ப அங்க விட்டுட்டுத்தாண்ணா போவாங்க. வந்தாதான் மாட்டுவாங்க. போன ஆள எண்ணக்கூடாது, எண்ணினா ஒண்ணு கொறையும்னு பயம். அதனால செருப்பப் பாத்துக்குவோம். கெடந்தா ஆளு தண்ணியில. இல்லன்னா ஆளு கரையில. இத வாயால சொல்றதே நல்லதில்லன்னுதான் உங்ககிட்ட யாரும் சொல்லல."

  எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா தண்ணீரில் இருக்கிறார். அதை அத்தையிடம் சொல்ல வேண்டிய செருப்பை நான் கரிக்குள் புதைத்துவிட்டேன். அத்தை இப்படியே நிம்மதியாக இருந்தால் விடியும்வரை யாரும் தேடப்போவதில்லை. 

சாக்கில் கையை விட்டு இரண்டையும் இழுத்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்பாவிடம் நீட்டினேன்.  அப்பா செருப்பைப் பார்த்தார். கரி படிந்த என் இரண்டு கையையும் பார்த்தார். வெடுக்கென்று செருப்பைப் பிடுங்கிக்கொண்டு, என்னைத் தன் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அத்தையிடம் திரும்பினார்.

"மச்சான் தண்ணியிலதாம்மா இருக்காவ. நாந்தான் இத எடுத்து ஒளிச்சு வச்சேன். சார் கண்ணுல படக்கூடாதுன்னு."

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசியது அதற்குமுன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்று பேசினாள். படித்தவர் செய்கிற வேலையா, புருஷன் உயிர் உங்களுக்குப் பெயின்ட் டப்பாவா என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கரிக்கையோடு தலைகுனிந்து நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காற்று கொஞ்சம் தணிந்ததும் இரண்டு பரிசல் இறக்கினார்கள். முதலாவதில் இரண்டு வலைக்காரர்கள் ஏறினார்கள். இரண்டாவதில் ஒருவர் ஏறித் துடுப்பை எடுத்ததும், அப்பா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நீங்க வேணாண்ணா," என்றார் அந்த வலைக்காரர். "நீச்சல் தெரியாது உங்களுக்கு."

"ட்யூப்ப மாட்டிக்கிடுதேன்."

தொங்கிய ட்யூபில் ஒன்றை அவிழ்த்து அப்பா கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு, அத்தனை அவசரத்திலும், கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நனைந்த கயிறு, முடிச்சு இறுகிவிட்டது. பரிசலில் இருந்தவர் கத்துகிறார், அம்மா அழுகிறாள், அப்பா நகத்தால் முடிச்சைக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். ஒருவழியாகக் கழற்றி, மாமாவின் செருப்பையும் தன் பூட்ஸையும் கல்லின் நடுவில், தண்ணீரைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பரிசலில் ஏறினார். பரிசலில் போன வலைக்காரர்களுடைய செருப்பையும் யாரோ ரேக்கிலிருந்து எடுத்துவந்து வைத்தார்கள். அத்தை கொட்டகையிலிருந்து இறங்கி வந்து, திட்டுவதை நிறுத்திவிட்டு, என்னையும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் மழையில் உட்கார்ந்தாள். என்ஜினீயர் குடையைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தார்.  அத்தை ஒரு தடவைகூட எண்ணவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆனது. முதலில் சத்தம்தான் கேட்டது. மாமாவின் சத்தம். அவர் சத்தம் அணைக்கு அந்தப் பக்கம் தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

நடந்தது இதுதான். என்ஜினீயருக்கு நல்ல மீனாக வறுத்துப் போட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. யாரும் தண்ணீருக்குப் போகக் கூடாது என்று அவரே போட்ட கட்டளை, அதனால் யாரிடமும் சொல்லாமல் போனார். செருப்பை மட்டும் விட்டுப் போனார், அதைக் கல்லில் விடாமல் தண்ணீருக்குப் போக அவருக்குத் தெரியாது. காற்றில் பரிசல் சுழன்று, துடுப்பு போய், அணை நடுவில் இருக்கிற பாறையில் மோதிக் கிழிந்துவிட்டது. பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பரிசல் போனது, துடுப்பு போனது, துண்டில் சுற்றிய கட்லாவை மட்டும் விடவில்லை. நாலு கிலோ இருக்கும்.

கரையில் கால் வைத்ததும் மாமா முதலில் கேட்டது, "என் செருப்பு கெடக்குதே, பாத்துட்டு வர இவ்ளோ நேரமா?"

அத்தை அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கழுத்தில் ட்யூபோடு, முகமெல்லாம் வெளிறி, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார்.  மாமா குனிந்து பூட்ஸை எடுத்து அப்பாவின் காலடியில் வைத்தார்.

என்ஜினீயர் ஈரத்தோடு நின்றுகொண்டு, "இப்படி ஒரு வழக்கம் இருக்குதுன்னு என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்று அத்தையிடம் கேட்டார்.

"நீங்க கேக்கலீங்களே சார்."

அவர் செருப்பு வரிசையைப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, துறையின் ஓரமாக மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம் போடச் சொன்னார். தண்ணீருக்குப் போகிறவர்களின் செருப்பு மட்டும் அதற்குள், நடைபாதைக்கு வெளியே. பார்க்க வருகிறவர்களுடையது ரேக்கில், அவர்கள் சங்கிலியைத் தாண்டக் கூடாது. சங்கிலிச் சாவி அத்தையிடம். கேட் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆய்வுக்கு வந்த இடத்தில் தான் சாப்பிடக் கூடாது என்றார். கட்லா வறுபடுகிற வாசனை வந்ததும், ஆய்வுதான் முடிந்துவிட்டதே என்று அவரே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம்தான் கையில் கொலுசு இல்லை என்று தெரிந்தது. எங்கே விழுந்தது என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது, தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அம்மா அதற்காக ஒரு மாதம் திட்டினாள்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பை வாசலில் விடமாட்டார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வருவார். "மாப்ள வீட்டுல வெளிய விட பயமா இருக்குது," என்பார். பொங்கலுக்கு வந்தாலும் அதே, எழவுக்கு வந்தாலும் அதே. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் முழுக் கதையும் சொல்வார். அப்பா வாயே திறக்கமாட்டார், சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். நான் உள்ளே போய்விடுவேன். நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாய்வரை வந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அப்பாவும் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மாமா ரொம்பக் கல்நெஞ்சக்காரர், அப்பாவை மன்னிக்கவே மாட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பதிமூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு மாமாவும் அத்தையும் மண்டபத்துக்கு வந்தார்கள். பட்டுப்புடவை, வளையல், தட்டு நிறைய மல்கோவா, புதுக் கொலுசு ஒரு ஜோடி. கொலுசுப் பெட்டிக்குள் காகிதத்தில் மடித்து இன்னொன்று இருந்தது. பிரித்தேன். சின்னக் குழந்தைக் கொலுசு, ஒன்றே ஒன்று. கறுத்துப் போயிருந்தது. திருகாணி இல்லை.

"அன்னைக்கு சாயங்காலமே கெடச்சுது கண்ணு," என்றாள் அத்தை. "மழையில நனைஞ்சிடுச்சேன்னு கரிச் சாக்கக் கொட்டினேன்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பா கொலுசை வாங்கிப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அப்பம் தெரிஞ்சுக்கிட்டேதான் பதிமூணு வருசமா செருப்பக் கக்கத்துல வச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ள வந்தீகளா?"

"நீங்கதான் ஒளிச்சதா நீங்களே சொன்னீங்க," என்றார் மாமா. "மாப்ள சொன்னத நான் பொய்யாக்க முடியுங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை. மாமாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. மாமா என் தலையில் கை வைத்து, "அழாத. என் செருப்பு பத்திரமா இருக்குதான்னு மட்டும் ஓடிப் போய்ப் பாத்துட்டு வா, போதும்," என்றார்.

கல்யாணப் பெண் என்பதை மறந்து, மாலையும் பட்டுமாக வாசலுக்கு ஓடினேன். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தன. தேடவே வேண்டியிருக்கவில்லை. நீலமும் சிவப்புமாக வார் போட்ட ஒரு ஜோடியும், பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூவும் சுவரோரமாக, பக்கத்தில் பக்கத்தில். மாமா அன்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரவில்லை, அப்பாவுடையதன் பக்கத்திலேயே விட்டிருந்தார்.

இப்போது அப்பா போய் ஆறு வருடமாகிறது. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கொலுசு என் பீரோவில் இருக்கிறது. மண்டபங்களில் மகள் என் கையைப் பிடித்து இழுக்கும்போது நான் என் கல்யாண வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் எண்ணவில்லை. இரண்டு ஜோடியும் மண்டபத்தைப் பார்த்தே கிடந்தன, இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.